‘சுராங்கனி’ மட்டும்தானா? பாஸ்போர்ட் இல்லாமல் கடல் தாண்டிய பாட்டும், தாண்டி வந்து நிற்கும் மனிதர்களும்!

காலேஜ் டூர் பஸ். கிளம்பி நாலு மணி நேரம் ஆச்சு. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல சார்ஜ் காலி, மலைப்பாதையில டவரும் இல்ல. அப்போ கடைசி சீட்ல இருந்து யாரோ ஒருத்தர் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கிட்டே ஆரம்பிக்கிற பாட்டு எதுன்னு நினைக்கிறீங்க? உங்க அப்பா காலேஜ் படிச்சப்போ அது ‘சுராங்கனி’. இன்னைக்கும் பெரும்பாலும் அதுதான். நடுவுல இளையராஜா வந்தார், ரஹ்மான் வந்தார், யுவன், அனிருத்னு வரிசையா வந்தாங்க. அந்தக் கடைசி சீட் மட்டும் கட்சி மாறவே இல்ல.

இத்தனைக்கும் அது தமிழ்ப் பாட்டே கிடையாது. சிங்களம். நாம எல்லாரும் தொண்டை கிழியக் கத்துற அந்த ‘மாலு’ங்கிற வார்த்தைக்கு மீன்னு அர்த்தம். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்திருக்கேன், இப்பத்தான் கொண்டு வந்த மீன்... பாட்டோட மொத்தக் கதையும் அவ்வளவுதான். காதல் தோல்வி இல்ல, தத்துவம் இல்ல, மாஸ் இல்ல. ஃபிரெஷ் மீன், அவ்வளவே!

பாடினவர் பேரைக் கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. ஏ.ஈ.மனோகரன். தமிழ் சினிமாக்காரர்களுக்கு ‘சிலோன் மனோகர்’. இலங்கைத் தமிழர். ஒரு தமிழர் பாடிய சிங்களப் பாட்டு, கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டின் நிரந்தர டூர் பாட்டாக ஆனது. 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் ‘சுராங்கனி’யைப் பாடினார்கள். ‘அன்னக்கிளி’ வந்த மறுவருஷம் அது. ராஜாவே அந்த மெட்டைத் தொட்டார்னா, அப்பவே அது எந்த அளவு பரவியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. பின்னாடி மனோகரும் சென்னை வந்தார். தமிழ் சினிமாவில் வில்லன், துணை வேடங்கள்னு நிறைய நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். மறுநாள் செய்திகள் எல்லாத்துலயும் அவர் பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நின்னது அதே ஒரு வார்த்தைதான்: ‘சுராங்கனி புகழ்’.

ஆங்கிலத்துல இதுக்கு ‘ஒன்-ஹிட் வொண்டர்’னு பேர். ஒரே ஒரு பாட்டு, அப்புறம் ஆளைக் காணோம். கொஞ்சம் பரிதாபமும் கொஞ்சம் நக்கலும் கலந்த பட்டம்.

ஆனா, இதை ஈழத்து ரசிகர் ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க. சண்டைக்கு வருவார். அங்கே மனோகரனுக்கு ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ன்னு பேர் (ஆமா, அங்க ‘பாப்’ கிடையாது, ‘பொப்’). மேடை மேடையா ஏறி, பாட்டுப் பாட்டா ஹிட் கொடுத்தவர் அவர். 1978-ல் வந்த ‘வாடைக்காற்று’ன்னு ஓர் இலங்கைத் தமிழ்ப் படம், செங்கை ஆழியான் நாவலை வெச்சு எடுத்தது. அதுல நடிச்ச முக்கியமான ஆட்கள்ல அவரும் ஒருத்தர். அங்கே இருந்து பார்த்தா அவர் பல பாட்டுக்காரர். இங்கே இருந்து பார்த்தா ஒரு பாட்டுக்காரர். நடுவுல இருக்குறது முப்பது கிலோமீட்டர் கடல்தான்.

இது மனோகருக்கு மட்டும் நடந்த கதை இல்ல. நார்வே நாட்டு ‘ஆ-ஹா’ குழுவை எடுத்துக்கோங்க. பென்சில் ஓவியத்துக்குள்ள இருந்து ஒரு கை நீண்டு வந்து பொண்ணை உள்ளே இழுக்குமே, அந்த வீடியோ, ‘டேக் ஆன் மீ’. 1985-ல் அமெரிக்காவில் நம்பர் ஒன். 2020-ல் யூடியூப்ல 100 கோடி பார்வைகளையும் தாண்டிருச்சு. அமெரிக்கர்கள் இன்னைக்கும் அவங்களை ஒரு பாட்டுக் கோஷ்டின்னுதான் சொல்றாங்க. நார்வேயிலயும் இங்கிலாந்துலயும் அவங்களுக்கு ஹிட்டுக்குப் பஞ்சமே இல்ல. 1987-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கே டைட்டில் பாட்டு போட்டவங்க. ஆக, ‘ஒன்-ஹிட்’ங்கிறது பாடுறவனோட அளவு இல்ல. கேட்கிறவன் எவ்வளவு தூரத்துல நிக்கிறான்ங்கிறதோட அளவு.

வார்த்தையே புரியலையா? விசாரிங்கப்பா!

ராக் இசை வரலாற்றுல ‘சுராங்கனி’க்கு ஒரு அண்ணன் இருக்கு. ‘லூயி லூயி’. ரிச்சர்ட் பெரி என்ற கறுப்பினப் பாடகர் 1955-ல் எழுதின பாட்டு. ஊருக்குத் திரும்பிப் போகத் துடிக்கிற ஒரு ஜமைக்கா கப்பல்காரன், தன் பொண்ணைப் பத்தி பார்ல இருக்கிற லூயிகிட்ட புலம்புறான். இதுலயும் கதை அவ்வளவுதான். இங்கேயும் கடல், அங்கேயும் கடல்!

1963-ல் போர்ட்லேண்ட் நகரத்துப் பசங்க சில பேர், ‘தி கிங்ஸ்மென்’ங்கிற பேர்ல இதை ரெக்கார்டு பண்ணினாங்க. சின்ன ஸ்டூடியோ, சொற்ப செலவு. பாடுறவர் தலைக்கு மேல உயரத்துல மைக் தொங்கினதால அண்ணாந்து பார்த்துக் கத்தித்தான் பாடியிருக்கார். விளைவு, ஒரு வார்த்தைகூடத் தெளிவா விழல. தெளிவா விழாததாலயே, உள்ளே ஏதோ ஆபாசம் ஒளிஞ்சிருக்குன்னு பசங்க மத்தியில புரளி கிளம்பிச்சு. அப்பா அம்மாக்கள் அரசாங்கத்துக்கு லெட்டர் போட, எஃப்.பி.ஐ-யே களத்துல இறங்கிடுச்சு. ரெக்கார்டை வேக வேகமா ஓட்டி, மெதுவா ஓட்டி, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி. கடைசியில அவங்க கண்டுபிடிச்சது, ‘எந்த வேகத்துல ஓட்டினாலும் ஒண்ணும் புரியல’. நம்ம ஊர்ல ‘மாலு’வுக்கு யாராவது சி.பி.ஐ விசாரணை கேட்டிருந்தா, மீன் மார்க்கெட்ல போய்த்தான் முடிஞ்சிருக்கும்.

‘கிங்ஸ்மென்’ 1965-லயும் இன்னொரு பாட்டை அமெரிக்க டாப் டென்ல கொண்டுபோய் நிறுத்தினாங்க. யாருக்கு ஞாபகம் இருக்கு? எழுதின ரிச்சர்ட் பெரி நிலைமை இன்னும் மோசம். கல்யாணச் செலவுக்காகப் பாட்டோட உரிமையை 750 டாலருக்கு வித்துட்டார். அந்தப் பாட்டை ஆயிரக்கணக்கான பேர் பாடிக் காசு பார்த்தப்போ, அவர் ஒருகட்டத்துல அரசு உதவித்தொகையில நாளை ஓட்டிக்கிட்டிருந்தார். 80-களில் ஒரு ‘ஒயின் கூலர்’ மதுபான விளம்பரத்துக்காகப் பாட்டைத் தேடி வந்தப்போதான் அவருக்கு உரிமையில ஒரு பங்கு திரும்பக் கிடைச்சுது. பாட்டு எந்த வீட்டுக்குள்ளயும் கேட்காமப் போகும். பாட்டுக்காரன் வாசல்ல நிக்கணும்.

பஸ் கம்பியே போதும்

சரி, ஏன் ‘சுராங்கனி’ சாகல? எனக்குத் தோணுற முக்கியமான காரணம் தாளம்தான்.

‘சுராங்கனி’ பைலா வகையைச் சேர்ந்தது. போர்ச்சுகீஸ் மொழியில ‘பைலார்’னா ஆடுறது. 1505-ல் இலங்கைக் கரையில இறங்கின போர்ச்சுகீசியர்கள், அவங்களோட வந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர், பறங்கியர்னு பல கை மாறி உருவானது. 1940-கள்ல வாலி பாஸ்டியன்ஸ்னு ஒரு போலீஸ்காரர் இதைச் சிங்களத்துல மேடை இசையா மாத்தினார். அறுபதுகள்ல கிளாரன்ஸ் விஜேவர்தன மாதிரி ஆட்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தாங்க. தமிழ்ப் பக்கம் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார் (டூர் பஸ்ல ரெண்டாவது பாட்டு அது). இலங்கை வானொலி இதையெல்லாம் ராமேஸ்வரத்துல இருந்து மெட்ராஸ் வரைக்கும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து இறக்கிச்சு.

பைலாவோட தாளம் ஆறு எண்ணிக்கை, மூணு மூணா ரெண்டு அடி. தகிட... தகிட... இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம கும்மி பாதி அப்படித்தான். டப்பாங்குத்து அப்படித்தான். வடசென்னை கானாவுலயும் நிறைய அப்படித்தான். போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து கிளம்பி, கொழும்பு சுத்தி வந்த ஒரு தாளம், நம்ம காதுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டதுக்குக் காரணம் அதான். மெட்டும் உயரத்துக்கே போகாது. எஸ்.பி.பி பாட்டை பஸ்ல எடுத்தா ரெண்டாவது வரியில தொண்டை கையை விரிச்சிரும். இதைக் குரலே இல்லாதவனும் பாடலாம். நடுவுல யார் வேணும்னாலும் ஒரு வரி சேர்க்கலாம். ஹெச்.ஓ.டி-யைக் கலாய்க்கலாம், டிரைவர் அண்ணனைக் கலாய்க்கலாம், திரும்ப வந்து கோரஸ்ல சேர்ந்துக்கலாம். ஸ்டூடியோ தரமே தேவைப்படாத பாட்டு இது. அதனாலதான் கேசட் போய், சி.டி போய், ஆப் வந்தும் அது எதையும் நம்பி இல்ல.

இன்னொரு காரணம் போன வருஷம்தான் புரிஞ்சுது. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியோட ஆயுத பூஜை நிகழ்ச்சிக்கு நண்பர் ஒருத்தர் கூட்டிட்டுப் போயிருந்தார். பொரி, சுண்டல், மாலை போட்ட மெஷின், அப்புறம் சின்ன ஆர்கெஸ்ட்ரா. விஜய் பாட்டு போட்டா நம்ம ஊர்ப் பசங்க ஆடினாங்க. இந்திப் பாட்டு போட்டா பீகார், ஒடிசாப் பசங்க ஆடினாங்க. ஆரம்பாக்கம், தடா பக்கத்துல இருந்து வர்றவங்க ஒரு தெலுங்குப் பாட்டு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கூட்டம் எழுந்திருக்க, மத்தவங்க உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டாங்க. கீ-போர்டு அண்ணன் ‘சுராங்கனி’ எடுத்தார் பாருங்க, மொத்தக் கூட்டமும் எழுந்துருச்சு. ஏன்னா, அது அங்க இருந்த ஒருத்தரோட மொழியும் இல்ல. எல்லாருக்கும் சமமா புரியாது!

மூணு மூணு அடியா ஒரு கடல்

கும்மிடிப்பூண்டியை நான் சும்மா இழுக்கல. இந்தப் பாட்டுக்கும் அந்த ஊருக்கும் நமக்குத் தோணாத ஒரு சொந்தம் இருக்கு.

அங்கே இருந்து பக்கம்தான் பழவேற்காடு. இன்னைக்கு நாம நண்டும் இறாலும் வாங்கப் போற ஊர். பதினாறாம் நூற்றாண்டுல அது போர்ச்சுகீசியர்களோட துறைமுகம். 1613-ல் டச்சுக்காரங்க கெல்ட்ரியா கோட்டை கட்டினது அதுக்குப் பிறகு. பைலாவை இலங்கைக்குக் கொண்டுபோன அதே கூட்டம் இந்தக் கரையிலயும் இறங்கியிருக்கு.

அடுத்த சொந்தம் இன்னும் நெருக்கம். கும்மிடிப்பூண்டியில இருக்குறது தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்கள்ல ஒண்ணு. 1983 கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரம் கரைக்கு வர ஆரம்பிச்சவங்க, 1990-ல் போர் மறுபடி வெடிச்சப்போ இன்னும் நிறைய வந்தாங்க. அப்படி வந்தவங்களும் அவங்க பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்குற இடம். 2021-ல் தமிழக அரசு சட்டமன்றத்துல சொன்ன கணக்குப்படி, மாநிலம் முழுக்க முகாம்கள்ல மட்டும் சுமார் 58,000 பேர். அந்த ஆகஸ்ட்லதான் முதல்வர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்க்கு வீடு, படிப்பு உதவின்னு திட்டங்களை அறிவிச்சார். ‘அகதிகள் முகாம்’ங்கிற பேர் ‘மறுவாழ்வு முகாம்’னு மாறிச்சு. பேர் மாத்தினதை லேசா எடுத்துக்க முடியாது. முப்பது வருஷமா ஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருந்து மளிகைக் கடைக் கணக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்த ஒரு வார்த்தை அது.

மனோகரோட கதையைத்தான் இங்கயும் பார்க்குறேன். பக்கத்துல போய்ப் பார்த்தா ஒருத்தர் பெயின்டர், ஒருத்தர் பி.இ முடிச்சவர், ஒருத்தர் ஃபுட்பால் ஆடுறவர், ஒரு பொண்ணு நர்சிங் படிக்கிறா. ரோட்டுல நின்னு பார்த்தா எல்லாருக்கும் ஒரே பேர், ‘கேம்ப்காரங்க’. நம்ம டூர் பஸ், அந்த நேஷனல் ஹைவேல முகாமைத் தாண்டி நெல்லூர் பக்கம் போகும்போது உள்ளே பாடிக்கிட்டிருக்கிறது அவங்க தீவோட பாட்டாக்கூட இருக்கலாம்.

2021 மே மாசம் இதே கதை வேற ஸ்பீடுல நடந்துச்சு. யொஹானியும் சதீஷனும் பாடின ‘மணிகே மகே ஹிதே’ ஞாபகம் இருக்கா? மறுபடியும் ஒரு சிங்களப் பாட்டு, மறுபடியும் ஒரு வார்த்தை புரியாம நாம எல்லாரும் ரீல்ஸ் போட்டோம். அது சில மாசத்துலயே இந்தியா முழுக்கப் பரவி, பாலிவுட் வரைக்கும் போச்சு. 2022 அக்டோபர்ல வந்த ‘தேங்க் காட்’ இந்திப் படத்துல அதுக்கு ஒரு வெர்ஷன். அதே 2022-ல்தான் இலங்கையில பால் பவுடர், பெட்ரோல்னு எல்லாத்துக்கும் வரிசை. மார்ச்சுல இருந்து குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு தனுஷ்கோடி மணல்திட்டுகள்ல மறுபடி ஆட்கள் வந்து இறங்க ஆரம்பிச்சாங்க. பாட்டுக்கு மும்பை ஸ்டூடியோ. அவங்களுக்கு மண்டபம் முகாம்.

இதுக்காகப் பாட்டு மேல கோபப்பட முடியுமா? எனக்கு அப்படித் தோணல. பாட்டு சுலபமா போனதுக்குக் காரணம், அது எல்லாத்தையும் வழியிலேயே இறக்கி வெச்சுட்டுப் போனதுதான். அர்த்தத்தை விட்டுச்சு, மொழியை விட்டுச்சு, பாடினவர் பேரைக்கூட விட்டுச்சு. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழின்னு 1956-ல் சட்டம் போட்ட நாட்டுல இருந்து, ஒரு தமிழர் குரல்ல வந்த சிங்களப் பாட்டு அது. அந்தச் சிக்கல் எதுவும் நம்ம பஸ்ல ஏறல. மனுஷங்க அப்படி இறக்கி வெச்சுட்டு வர முடியாது. பிறந்த தேதி, அப்பா அம்மா பிறந்த நாடு, கடல் தாண்டின வருஷம்... எல்லாம் ஃபைல்ல கூடவே வரும்.

அந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்க்கலாம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்தவங்களுக்கானது. அதுல இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஓர் ஆணை போட்டுச்சு. 2015 ஜனவரி 9-க்குள்ள வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் - விசா இல்லைங்கிறதுக்கான தண்டனை கிடையாது. ‘சட்டவிரோதம்’னு பிடிச்சு உள்ள போடுற பயம் கொஞ்சம் விலகியிருக்கு, சரிதான். ஆனா, அது குடியுரிமை கிடையாது. பி.இ முடிச்சாலும் அரசு வேலைக்கு அப்ளை பண்ண முடியாது. கம்பெனி ஆன்சைட் அனுப்புறேன்னு சொன்னாலும் இந்திய பாஸ்போர்ட் கிடைக்காது.

அப்புறம் ஒரு தேதி இருக்கு. 1987 ஜூலை 1. அதுக்கு முன்னாடி இந்தியாவுல பிறந்தவங்களுக்கு, பிறந்ததே போதும், குடியுரிமை உண்டு. 1986-ல் மண்டபம் முகாம்ல பிறந்து, திருச்சி முகாம்ல வளர்ந்த ஒரு பெண் இதைக் காட்டித்தான் கோர்ட்டுக்குப் போனார். பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தல்ல, தன் 38 வயசுல முதல்தடவையா ஓட்டுப் போட்டார். நாடே அதைச் செய்தியா போட்டுச்சு.

கும்மிடிப்பூண்டி முகாம்ல இருந்து இன்னைக்குக் காலையில சிப்காட்டுக்கும் காலேஜுக்கும் கிளம்பின பசங்க எல்லாம் 1987-க்கு அப்புறம் பிறந்தவங்க. அப்பா, அம்மா ரெண்டு பேருமே இலங்கைன்னா அந்தத் தேதி அவங்களுக்கு உதவாது.